‘கண்ட்ரோல்’ என்னும் சொல்

(சங்கத்தின் ஆவணி மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பொருளாளர் அவர்களின் இசைவு பெற்று இம்மலரில் அச்சிடப்படுகிறது.)



இம்மேடையில் குறளையும் கம்பனையும் கேட்டுப் பழகிய தங்கள் முன்னால் இன்று ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்து, ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்குச் சொல்லாராய்ச்சி செய்யும் தகுதி ஏது என்று கேட்டால், இல்லை என்றே ஒப்புக்கொள்வோம். ஆயினும் சென்ற செயற்குழுக் கூட்டத்தில் அந்தச் சொல் ஒலித்த விதம் நம்மைச் சில இரவுகள் உறங்கவிடவில்லை.

நடந்ததைப் பலரும் அறிவீர்கள். பொங்கல் விழா வசூலைப் பற்றிப் பேச்சு வந்தது. ரசீதுகளில் பொருளாளரோடு செயற்குழு உறுப்பினர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும், மாதந்தோறும் அடிக்கட்டைகளை இருவர் சேர்ந்து ஒத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தது வேறு யாருமல்ல, நாமே. பதினோர் ஆண்டுகளாக இச்சங்கத்தின் பணத்தைக் கண்ணை இமை காப்பது போலக் காத்துவரும் பொருளாளர் அண்ணா எழுந்து நின்றார். “இத்தனை வருஷம் கழித்து என்னைக் கண்ட்ரோல் செய்ய ஆள் போடுகிறீர்களா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று முதல் அவர் மாலையில் உலாவப் போகும்போதுகூட நம் வீட்டு வாசல் வழியாக வருவதில்லை.

‘கண்ட்ரோல்’ என்றால் என்ன? அதைத்தானே அவர் கேட்டார்? விடை தேடி ரயில்வே இன்ஸ்டிட்யூட் நூலகத்தில் இருக்கும் பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினோம். ஒரு சொல் மற்றொரு சொல்லுக்கு இழுத்துச் சென்றது. கண்டதைத் தங்கள் முன் வைக்கிறோம்.

அடக்குதல், ஆளுதல், கடிவாளம் பிடித்தல் என்று இன்று நாம் கொள்ளும் பொருள் எதுவும் அச்சொல்லின் பிறப்பில் இல்லை. பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்திற்கு வந்த அதன் மூலம் இடைக்கால லத்தீனில் உள்ள ‘காண்ட்ரா ரோட்டுலஸ்’ என்பதாகும். ‘காண்ட்ரா’ என்றால் எதிர்; ‘ரோட்டுலஸ்’ என்றால் சுருள். எதிர்ச்சுருள்! அதாவது, ஒருவர் எழுதி வைத்திருக்கும் கணக்குச் சுருளுக்கு ஈடாக இன்னொருவர் தனியே எழுதி வைத்திருக்கும் மறுசுருள். இரண்டையும் அருகருகே விரித்து ஒத்துப் பார்ப்பதே ‘கண்ட்ரோல்’ செய்தல். இவ்வினைச்சொல் ஆங்கிலத்தில் கால் வைத்தபோது அதற்கு இதுவே பொருள்.

அச்சொல்லுக்குள் ஒரு சக்கரமும் இருக்கிறது. லத்தீனில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம். சிறு சக்கரம் போலச் சுருட்டியதனால் ‘ரோட்டுலஸ்’. வடமொழியின் ‘ரதம்’ இந்த ‘ரோட்டா’வுக்கு உறவு என்று மொழிநூலார் கூறுவர். நாடகக்காரன் தன் பங்கை எழுதி வைத்திருந்த காகிதச் சுருளிலிருந்தே திரைப்பட ‘ரோல்’ வந்தது. பள்ளிக்கூடத்து ‘ரோல் நம்பர்’ வந்ததும் அந்தச் சுருளிலிருந்துதான். சக்கரத்தின் மேல் பிழைப்பு நடத்தும் நமக்கு இதைப் படித்தபோது ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று.

அக்காலத்துச் சுருள் எவ்வாறு இருந்தது? பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இரண்டாம் ஹென்றி மன்னன் இங்கிலாந்தை ஆண்டபோது, அவனுடைய பொக்கிஷத்திற்குப் பொருளாளராக இருந்தவர் ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல். பொக்கிஷ அலுவலகம் நடக்கும் முறையை ஆசிரியனும் மாணவனும் உரையாடுவதாக அமைத்து அவர் ஒரு நூல் எழுதினார். கணக்குகளை ஆட்டுத்தோலிலேதான் எழுத வேண்டும் என்கிறார், ஏன் தெரியுமா? அதில் எழுதியதைச் சுரண்டி அழித்தால் வடு தெரிந்துவிடும். பொருளாளரின் எழுத்தன் ஒரு சுருளில் எழுதுகிறான். அவனுக்குப் பக்கத்திலேயே சான்ஸலரின் எழுத்தன் அமர்ந்து, அதே கணக்கை ஓர் எழுத்தும் பிசகாமல் இரண்டாவது சுருளில் எழுதுகிறான். இது போதாதென்று, ஸிஸிலித் தீவின் அரசனிடம் பணிபுரிந்து திரும்பிய தாமஸ் பிரௌன் என்பவருக்கு மூன்றாவது சுருள் ஒன்றும் வைத்துக்கொள்ள மன்னன் உரிமை கொடுத்திருந்தான்.

இந்நூலை எழுதியவர் யார் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். பொருளாளரே எழுதினார்! தம் பக்கத்தில் மறுசுருள் எழுதப்படுவதை அவர் குறையாகச் சொல்லவில்லை. அலுவலகத்தின் பெருமைகளுள் ஒன்றாக விளக்குகிறார். பிற்காலத்தில் லண்டன் நகரத்துப் பிஷப்பாகவும் ஆனார். மறுசுருளினால் அவர் மதிப்பு ஓர் அணுவும் குறையவில்லை.

கண்ட்ரோல் உத்தியோகம் பார்த்தவர்களுள் உலகம் அறிந்த ஒருவர் உண்டு. காண்டர்பரிக் கதைகளை இயற்றிய கவிஞர் ஜெஃப்ரி சாஸர். 1374-ஆம் ஆண்டில் லண்டன் துறைமுகத்தில் கம்பளிக்கும் தோலுக்குமான சுங்கத்திற்கு அவர் கண்ட்ரோலராக நியமிக்கப்பட்டார். சுங்கத்தை வசூலித்தவர்கள் நகரத்துப் பெருவணிகர்கள். அரசனுக்கே கடன் கொடுக்கக்கூடியவர்கள். அவர்கள் ஒரு கணக்கு எழுதுவார்கள். அதற்கு ஈடாகச் சாஸர் எதிர்ச்சுருள் எழுத வேண்டும். அதையும் வேறு ஆளை வைத்து எழுதக்கூடாது, தம் கையாலேயே எழுத வேண்டும் என்று நியமன ஆணை கட்டளையிட்டது. ஏற்றுமதிச் சரக்கிற்கு இடும் முத்திரை இரண்டு பாகமாக இருந்தது. ஒரு பாகம் வசூலிப்பவர்களிடம், மற்றொரு பாகம் சாஸரிடம். இருவர் பாகமும் சேர்ந்தாலன்றி முத்திரை முழுமை பெறாது. பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அந்த வேலையைப் பார்த்தார். கோட்டைச் சுவரின் ஆல்ட்கேட் வாயிலுக்கு மேலே அவருக்குக் குடியிருப்பு. பகலெல்லாம் கம்பளி மூட்டைக் கணக்கு, இரவில் கவிதை! ஆங்கிலக் கவிதையின் தந்தையைக் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் தம் இனத்தவர் என்று சொல்லிக்கொண்டால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சுருள் தெரியாத பாமரருக்கு என்ன வழி? அவர்களுக்குக் கட்டை இருந்தது. ஒரு குச்சியில் தொகைக்கு ஏற்ப வெட்டுகள் போட்டு, அதை நெடுக்கு வாட்டில் இரண்டாகப் பிளப்பார்கள். அடிப்பகுதியோடு கூடிய நீண்ட துண்டு பணம் கொடுத்தவரிடம் போகும். சிறிய துண்டு பெற்றவரிடம் தங்கும். பின்னொரு நாள் இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். பெரிய துண்டுக்கு ‘ஸ்டாக்’ என்று பெயர். மரத்தின் அடிக்கட்டை என்பதே அதன் பொருள். சிறியது ‘ஃபாயில்’. நாம் நாள்தோறும் சொல்லும் ‘கவுண்டர் ஃபாயில்’ அதன் நினைவுதான். தமிழில் அதை என்னவென்று சொல்கிறோம்? அடிக்கட்டை! இலண்டனில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே மரத்தை நினைத்திருக்கிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு: அங்கே அடிக்கட்டை பணம் கொடுத்தவரிடம் போயிற்று, இங்கே பெற்றவரிடம் தங்குகிறது. பயனற்றுப்போன அந்தப் பழைய குச்சிகளை 1834-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் திணித்து எரித்தார்கள். சூடு மிஞ்சித் தீப்பற்றி, பார்லிமெண்டுக் கட்டடமே எரிந்துபோயிற்று. பழைய ரிக்கார்டுகளை அழிக்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்பது நமது இலாகா மட்டும் அறிந்த உண்மையன்று.

நம்மவர்க்கும் இது புதிதன்று. சோழர் செப்பேடுகளைப் படித்தவர்கள், அரசன் வாயால் இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவதும், ஓலைநாயகம் ஒப்பிடுவதும், பிறகு வரிப்பொத்தகக்காரர் முதலிய பலர் கூடியிருந்து கணக்கில் ஏற்றுவதும் வரிசையாகச் சொல்லப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். ஒரு ஊரைத் தானம் செய்வதற்கு அத்தனை பேரின் பெயர்களா என்று முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். ராஜராஜன் ஆணையே ஒருவன் கையோடு முடியவில்லை.

இனி, இத்தகைய நல்ல சொல் எப்படிக் கசந்தது என்று பார்ப்போம். ஒத்துப் பார்ப்பவன் ‘ஒத்துவரவில்லை’ என்று சொன்னால் சரக்கு நின்றுவிடும். நிறுத்தும் அதிகாரம் வந்த பிறகு, இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று ஏவும் அதிகாரம் வர எத்தனை நாள் ஆகும்? 1784-இல் பிட் கொண்டுவந்த சட்டத்தினால் லண்டனில் ‘போர்டு ஆப் கண்ட்ரோல்’ அமைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியாவுக்கு எழுதும் கடிதங்களைப் பார்வையிடுவது அதன் வேலை. பார்வையிட்டவர்கள் திருத்தினார்கள், திருத்தியவர்கள் தாங்களே எழுதவும் தொடங்கினார்கள். 1858-இல் அந்தப் போர்டு கலைக்கப்படும் வரை இந்தியாவின் தலையெழுத்தில் ஒரு பங்கு அந்த மறுசுருளில்தான் எழுதப்பட்டது. சுருளுக்குக் காவலிருந்தவன் சுருளுக்கே உடையவன் ஆன கதை அது. ஆகையால் பொருளாளர் அண்ணாவின் அச்சம் ஆதாரமற்றது என்று நாம் சொல்லமாட்டோம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசிக்கும் துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கண்ட்ரோல் வந்தது. நம் பாட்டியார் ‘கண்ட்ரோல் அரிசி’ என்று சொல்லும்போதே முகத்தைச் சுளிப்பார். 1952-இல் ராஜாஜி சென்னை முதலமைச்சராக இருந்தபோது உணவுதானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் சொல் போகவில்லை. இங்கு ஜபல்பூரில் ரேஷன் கடைக்குப் பெயரே ‘கண்ட்ரோல்’ அல்லவா? “கண்ட்ரோலுக்குப் போய் வருகிறேன்” என்று அண்டை வீட்டு அம்மையார் பையோடு புறப்படுவதைக் கேட்டு, ஊரிலிருந்து வந்த நம் மைத்துனர் முதலில் அவருக்கு ரயில்வே கண்ட்ரோல் ஆபீஸில் உத்தியோகம் என்றே எண்ணிவிட்டார்.

அந்தக் கண்ட்ரோல் ஆபீஸைப் பற்றி இரண்டு வார்த்தை. வெளியார் அதை வண்டிகளை ஆட்டிவைக்கும் அதிகார பீடம் என்று நினைப்பார்கள். செக்‌ஷன் கண்ட்ரோலர் என்ன செய்கிறார்? ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் டெலிபோனில் ‘இன்ன வண்டி இத்தனை மணிக்கு வந்தது, இத்தனை மணிக்குப் புறப்பட்டது’ என்ற செய்தி வருகிறது. அவர் அதைச் சார்ட்டில் கோடாக இழுக்கிறார். முன்பு பென்சிலால் இழுத்தார்கள், இப்போது கணிப்பொறித் திரை இழுக்கிறது. நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் தம் ரிஜிஸ்தரில் அதே நேரத்தைக் குறித்திருக்கிறார். விபத்து என்று ஏதாவது நேர்ந்துவிட்டால் முதலில் இந்த இரண்டையுந்தான் கைப்பற்றி ஒத்துப் பார்ப்பார்கள். சுருளும் எதிர்ச்சுருளும்! சாஸருடைய பழைய பொருள் நமது இலாகாவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிரெஞ்சு நாட்டிலோ வண்டியில் டிக்கெட் பரிசோதிப்பவரையே ‘கோந்த்ரோலர்’ என்கிறார்கள். அவர் யாரையும் ஆள்வதில்லை. டிக்கெட்டைப் பார்க்கிறார், அவ்வளவே. டில்லியிலுள்ள ‘கம்ப்ட்ரோலர் அண்டு ஆடிட்டர் ஜெனர’லும் இந்த மரபினரே. நடுவில் நிற்கும் அந்தப் ‘ப்’, கணக்கு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லோடு இதை யாரோ முடிச்சுப் போட்டதனால் 1500-ஐ ஒட்டி நுழைந்த பிழை. கணக்குப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் பதவியின் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை!

தமிழில் நாம் இதற்குக் ‘கட்டுப்பாடு’ என்று வைத்துக்கொண்டோம். நல்ல சொல்தான். ஆனால் அதன் வேர் கட்டு, கயிறு. அவர்கள் சொல்லில் இருப்பது கணக்குச் சுருள், நம் சொல்லில் இருப்பது கயிறு. ஒத்துப் பார்க்கிறேன் என்று ஒருவன் வர, கட்டிப்போட வருகிறான் என்று மற்றவனுக்குக் கேட்கிறது. ‘தணிக்கை’ என்ற சொல்லுக்கும் இதே கதி. கணக்கைப் பார்ப்பதும் தணிக்கை, திரைப்படத்தை வெட்டுவதும் தணிக்கை. இதற்கு ‘ஒப்புநோக்கல்’ என்று சொல்லியிருந்தால் நமது செயற்குழுவில் பேனா மூடப்பட்டிராது என்று தோன்றுகிறது.

நம் சொந்த அநுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தந்தையார் பணியிலிருந்தபோதே காலமானதனால் கிடைத்த வேலை, இருபத்திரண்டு வயது, சிறிய நிலையம் ஒன்றில் பார்சல் ஆபீஸ். அங்கே ஓய்வு பெறும் தறுவாயில் ஒரு பெரிய குமாஸ்தா இருந்தார். அன்றாடம் வசூலைத் தோல் பையில் கட்டிச் சீல் வைப்பதற்கு முன், நாம் எண்ணிய பணத்தை அவர் மறுபடி எண்ணுவார். நோட்டு வாரியாக ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதி, நம்மிடம் ஒரு கையெழுத்து வாங்கித் தாமும் ஒரு கையெழுத்துப் போடுவார். விதிப்புத்தகத்தில் அந்த நோட்டுப் புத்தகம் கிடையாது. நமக்கோ உள்ளம் கொதிக்கும். திருடனா நாம்? ஒரு நாள் கேட்டேவிட்டோம். அவர் பதில் சொல்லவில்லை, “நூறு ரூபாய் எத்தனை?” என்றார்.

நான்கு மாதம் கழித்துப் பையில் 3,200 ரூபாய் குறைந்ததாகக் கடிதம் வந்தது. நம் பெயரில் டெபிட். அக்காலத்தில் நம் சம்பளத்தில் பெரும்பகுதி அது. தொகையைவிடக் கொடியது, தந்தையின் பெயரால் வந்த வேலையில் திருட்டுப் பட்டம். வீட்டில் அம்மாவிடம் சொல்லவில்லை. விசாரணையன்று பெரியவர் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நமக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தார். அன்றைய தேதி, நோட்டு வாரியான எண்ணிக்கை, இரண்டு கையெழுத்து. விசாரித்தவர் அதை இரண்டு முறை வாசித்தார். டெபிட் நீங்கிற்று, பணம் எங்கே குறைந்தது என்பது வேறு கதை, அது இங்கே வேண்டாம். திரும்பி வரும்போது பெரியவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் மறுநாள் மாலை நாம் எண்ணிய பணத்தை மறுபடி எண்ணினார்.

பொருளாளர் அண்ணா இரண்டாம் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார், வந்ததற்கு நன்றி. அண்ணா, தீர்மானத்தில் பிழையில்லை என்று இன்றும் எண்ணுகிறோம். அதைக் கொண்டுவந்த விதத்தில் பிழை உண்டு. சபையில் எழுந்து வாசிப்பதற்கு முன் தங்கள் வீட்டுக்கு வந்து, தங்கள் கையால் ஒரு காப்பி குடித்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தங்கள் கணக்கில் ஒரு ரூபாய் பிசகும் என்று நினைத்து அதைக் கொண்டுவரவில்லை. நாளைக்குப் புதிதாக வந்த உறுப்பினர் எவரேனும் தங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால், தங்களுக்கு முன்பே போய் உட்கார ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும் என்று நினைத்தோம். இதை அன்றே சொல்ல நமக்கு நா எழவில்லை.

மேஜைமேல் பொங்கல் வசூலுக்கான இரண்டு ரசீதுப் புத்தகங்கள் இருக்கின்றன. எண் 1 முதல் 200 வரை. முதல் ரசீது நம் பெயருக்கு, 501 ரூபாய். இணைக் கையொப்பத்தை நாம் இட்டுவிட்டோம். பொருளாளர் கையொப்பமிட வேண்டிய கோடு காலியாக இருக்கிறது. பேனாவும் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.